வெள்ளம் வந்தால் குடிக்கும், டீச்சர்!

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் எழுதியிருக்கிறார். கோடு போட்ட தாளில் நாலு பக்கம். பெயரும் பள்ளியும் வெளியே தெரியக்கூடாது என்று கேட்டிருக்கிறார். சில விவரங்களை நானே மாற்றிவிட்டேன்.

வயது 27. சித்தூர் தாலுகாவிலேயே பிறந்து, தமிழ் மீடியத்தில் படித்து, டி.எல்.எட். என்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் பட்டயப் படிப்பை முடித்தவர். கேரளத்தின் ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட்டை ஒரு தடவை எழுதிக் கோட்டைவிட்டவர். தகுதியுள்ள தமிழ் மீடியம் ஆள் கிடைக்காததால், இந்த ஜூனிலிருந்து ஒரு எல்.பி. (தொடக்கப்) பள்ளியில் தினக்கூலி அடிப்படையில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறார். 23 பிள்ளைகள். தென்னந்தோப்பு வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல்.

வகுப்பில் ஒரு பையன். வீட்டில் தமிழ் பேசுகிறவன். ஆனால் மூன்று வருடம் போனது மலையாள அங்கன்வாடிக்கு. மழையைப் பற்றிய பாடம் நடக்கும்போது டீச்சர், "வெள்ளம் வந்தால் என்ன செய்வோம்?" என்று கேட்டிருக்கிறார். இவன் எழுந்து, "குடிக்கும், டீச்சர்" என்றிருக்கிறான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. திரும்பக் கேட்டால் திரும்பவும் அதையே சொன்னான். வேண்டுமென்றே கிண்டல் செய்கிறான் என்று இவருக்குப் பட்டது. மத்தியானம் கணக்கு. 42-இலிருந்து 17 போனால் எவ்வளவு? 35 என்று எழுதினான். அழித்துத் திரும்பப் போடச் சொன்னால் 35. மூன்றாவது முறையும் 35. ஸ்கேலால் கையில் இரண்டு அடி வைத்துவிட்டார்.

மறுநாள் பையன் வரவில்லை. பாட்டி வந்து, "கண்ணை மட்டும் விட்டுட்டு எங்க வேணா அடிங்க டீச்சர், படிச்சா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அம்மா ஹெச்.எம்.முக்குப் போன் போட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லப்போகிறேன் என்றிருக்கிறார். இதற்கிடையே கணவர், "பி.எட். போட்டுட்டு ஹைஸ்கூலுக்குப் போயிடு, அது இதைவிட மேல்" என்கிறார். மாமியார், "ஆனா ஆவன்னா சொல்லித்தர வேலைக்கு இத்தனை அழுகையா?" என்கிறார். கூட வேலை செய்யும் ஒருவர், அனுபவம் சேர்ந்தால் டெட் கேட்கமாட்டார்கள் என்றும், அந்தப் பையனுக்குச் சாயங்காலம் ட்யூஷன் எடுத்துச் சரிக்கட்டு என்றும் யோசனை சொல்லியிருக்கிறார்.

கடைசி வரி: "எனக்குப் பொறுமை இல்லை. இந்த வேலைக்கு நான் பிறக்கவில்லை என்று நினைக்கிறேன். சரிதானே?"

அன்புள்ள டீச்சர்,

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் எடுக்கும். அடித்த விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்பது கையெழுத்திலேயே தெரிகிறது.

பாட்டி கொடுத்த அனுமதி செல்லாது

பாட்டி மனசறிந்து சொன்னதுதான். நம் ஊர்களில் அது பிள்ளையை ஒப்படைக்கும் ஒரு முறை; பயம் கலந்த மரியாதை. ஆனால் கட்டாயக் கல்விச் சட்டம் (2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது) 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத்துன்பத்தையும் ஒரே வரியில் தடுக்கிறது. "வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் பரவாயில்லை" என்று அதில் இல்லை. பாட்டி சொன்னாலும் அப்பா எழுதியே கொடுத்தாலும் அந்த உரிமை பையனுடையது. மனத்துன்பம் என்ற சொல்லையும் கொஞ்சம் கவனியுங்கள். கை வீங்காமல் "மக்கு" என்று சொல்வதும், வகுப்பைச் சிரிக்கவிட்டு வேடிக்கை பார்ப்பதும் அதற்குள் வந்துவிடும்.

மீறினால் துறை நடவடிக்கை என்கிறது சட்டம். நீங்கள் நிரந்தரப் பணியில் இல்லை என்பதால், விசாரணை என்று இழுக்காமல் நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிடவும் கூடும். அதை நான் மறைக்கப்போவதில்லை. இதற்கு மேல், 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இருக்கிறது. தன் பொறுப்பில் உள்ள பிள்ளைக்குத் தேவையற்ற துன்பம் கொடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொரு ஸ்கேல் அடியும் அங்கே போய் முடிவதில்லை. அடியின் தன்மை, காயம், நோக்கம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் நீதிமன்றம் முடிவெடுக்கும். ஆனால் "கேஸ் நிற்காது" என்று யாராவது தைரியம் சொன்னால் அதை நம்பி அசட்டையாக இருந்துவிடாதீர்கள். நான் ஆலோசகர்தான், வக்கீல் இல்லை. எழுத்தில் ஏதாவது நோட்டீஸ் வந்தால், பதிலில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அதுவரை செய்ய வேண்டியது சின்னது. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் நீங்களே ஹெச்.எம்.மிடம் சொல்லுங்கள். பள்ளியிலேயே, அவர் உட்கார்ந்திருக்க, பையனின் அம்மாவைப் பாருங்கள். "புகார் கொடுக்காதீங்க" என்ற பேச்சை எடுக்கவே வேண்டாம். கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு வீட்டுக்குப் போய் நிற்பதும் வேண்டாம். விலை பேச வந்த மாதிரி இருக்கும். "அடிச்சது தப்புங்க, இனி நடக்காது" என்று சொன்னால் போதும். அந்த அம்மாவுக்குக் கோபம் தீராமல் 1098-ஐக் கூப்பிட்டால் அது அவர் உரிமை. வருகிறவர்களிடமும் இதே உண்மையைச் சொல்லுங்கள்.

பையனிடமும் சொல்ல வேண்டும். அடித்தது எல்லார் முன்னாலும் என்பதால், மன்னிப்பும் எல்லார் முன்னால்தான்.

அந்த 35 எங்கிருந்து வந்தது?

இப்போது உங்கள் கடிதத்திலேயே நீங்கள் கவனிக்காமல் எழுதிவிட்டுப் போன இடத்துக்கு வருகிறேன்.

"வெள்ளம் வந்தால் குடிக்கும்." நீங்களும் சித்தூர்க்காரர். டீக்கடையில் "கொறச்சு வெள்ளம்" என்று கேட்டால் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். அங்கன்வாடியில் மூன்று வருடம் அவன் தினமும் கேட்டது "வெள்ளம் குடிச்சோ?" என்ற கேள்வியைத்தான். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்; அவனுக்கு அது டம்ளரில் இருப்பது. இன்னொன்றும் பாருங்கள். "குடிப்போம்" என்று சொல்லாமல் "குடிக்கும்" என்றான். மலையாளத்தில் நான், நீ, அவன், நாம் எல்லாருக்கும் "குடிக்கும்" ஒன்றுதான். தமிழ் மாதிரி ஆளுக்கொரு விகுதி கிடையாது. பையன் கிண்டல் செய்யவில்லை. அவனுக்குத் தெரிந்த மொழியில், சொல்லும் இலக்கணமும் சரியாக வைத்துப் பதில் சொன்னான். டீச்சர் திரும்பக் கேட்டபோதும் மாற்றாமல் அதையே சொன்னது திமிர் இல்லை. சரியான பதிலை எதற்கு மாற்றுவான்?

உங்களுக்கு அது அந்த நிமிஷம் தோன்றாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. கையில் தமிழ்ப் புத்தகம் இருக்கும்போது நம் காதும் தமிழுக்கு மட்டும் திறந்துகொள்கிறது. நான் முதல் வகுப்பில் 11 வருடம் நின்றவள். "களி" பற்றிய கேள்விக்கு ஒரு பெண் பிள்ளை "பந்து" என்று சொன்னபோது, உட்கார் என்று அதட்டியவள். அவள் மலையாளத்தில் விளையாட்டைச் சொன்னாள்; நான் தமிழில் கேழ்வரகுக் களியை நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையும்போதுதான் உறைத்தது. நமக்கு எல்லை வரைந்தது 1956-இல். பிள்ளைகளின் வாயில் யாரும் வரையவில்லை.

அடுத்து, 42-17 = 35. இதை நீங்கள் "கவனக்குறைவு" என்று எழுதியிருக்கிறீர்கள். கவனக்குறைவாகப் போடுகிறவனுக்கு ஒரு தடவை 35, ஒரு தடவை 26, ஒரு தடவை 15 என்று வரும். மூன்று தடவையும் 35 வந்தால் அவன் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு போகிறான் என்று அர்த்தம். ஒன்றின் இடத்தில் 2-உம் 7-உம். பெரியது 7, 7-இலிருந்து 2 போனால் 5. பத்தின் இடத்தில் 4-உம் 1-உம், மிச்சம் 3. முப்பத்தைந்து. அந்த விதியை யார் சொல்லிக்கொடுத்தது? நாம்தான். முதல் வகுப்பில், "எப்பவும் பெரிய நம்பர்லேர்ந்து சின்ன நம்பரைக் கழிக்கணும்" என்று. அவன் சொல்பேச்சு கேட்கிற பிள்ளை, டீச்சர். கேட்டதால்தான் அடி வாங்கினான்.

இது உங்களைக் குத்துவதற்காக இல்லை. ஹைஸ்கூலில் கணக்கு எடுக்கிறவருக்கு இந்த 35-ஐப் பார்க்கவே நேரம் இருக்காது. தப்பு என்று சுழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். இந்த 35-க்குள் நுழைந்து பார்ப்பதற்கு என்று இருக்கிற ஒரே ஆள் இரண்டாம் வகுப்பு டீச்சர்.

தமிழிலும் அப்படித்தான். "கோழி" என்று சொன்னால் ஒரு பிள்ளை "கேழி" என்று எழுதுகிறது என்று வையுங்கள். சிவப்பு மையில் அடித்துவிடலாம். ஆனால் பாருங்கள்: இரட்டைக்கொம்பைப் போட்டிருக்கிறது, க-வைப் போட்டிருக்கிறது, சரியான ழி-யைப் போட்டிருக்கிறது. விட்டது துணைக்கால் ஒன்றுதான். அதுவும் ஏன் விட்டது? ஓசையை ஒன்றாகக் கேட்டதைக் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம் என்று பிரித்து வைப்பது ஆறேழு வயதுக் கைக்குச் சாதாரண வேலை இல்லை. 247 எழுத்து என்று நாம் பயமுறுத்துகிறோம். உண்மையில் பிள்ளை தடுக்கி விழுவது இந்தக் கொம்பும் காலும் வருகிற இடத்தில், அப்புறம் கு, சு, டு, து, மு என்று ஆளுக்கொரு வடிவமாக மாறும் உகரத்தில். எந்தப் பிள்ளை எங்கே தடுக்குகிறது என்று தெரிந்தால், பாதி வேலை முடிந்தது.

பொறுமை என்கிற பேச்சு

தொடக்கப்பள்ளி டீச்சர் என்றாலே "தாய் மாதிரி பொறுமை வேணும்" என்று எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அந்தப் பேச்சுக்குள் ஒரு குறும்பும் இருக்கிறது: தாய்மைக்குப் படிப்பு எதற்கு, சம்பளம் எதற்கு என்று அது மெதுவாகக் கேட்கிறது. உங்கள் மாமியார் சொன்ன "ஆனா ஆவன்னா வேலை"யும் அதே பேச்சின் மறுபக்கம்தான். அவர் மேல் கோபப்படாதீர்கள். ஊரே அப்படித்தான் நினைக்கிறது.

என் அனுபவத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இருக்கிற டீச்சர் மத்தியானம் வரைதான் தாங்குவார். ஏன் இப்படிச் சொன்னான் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற டீச்சருக்குப் பொறுமை தனியாகத் தேவைப்படுவதில்லை. "மறுபடி 35-ஆ?" என்பதும் "அட, மறுபடி 35!" என்பதும் ஒரே எண்ணைப் பார்த்துச் சொல்வதுதான். இரண்டாவதைச் சொல்கிறவரின் கை ஸ்கேலுக்குப் போகாது. இது பிறவியில் வருவது இல்லை, பழக்கத்தில் வருவது. நீங்கள் ஒரு பையனின் பதிலை அவன் சொன்ன சொல் மாறாமல், எண் மாறாமல் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதற்குள் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

மற்ற குணங்களையும் சொல்லவேண்டுமே என்று சொல்கிறேன். நேரத்துக்கு வருவது, சொன்ன சொல்லைக் காப்பது (வெள்ளிக்கிழமை படம் வரையலாம் என்றால் வரைந்தே ஆகவேண்டும், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்), எல்லாப் பிள்ளையின் பெயரையும் ஒரே குரலில் கூப்பிடுவது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். குரலைப் பற்றி ஒன்று: 23 பேரின் சத்தத்தை அடக்கக் கத்தாதீர்கள். குரலைத் தணித்தால் முன் பெஞ்சு அமைதியாகும், அது பின்னால் பரவும். தொண்டை போனால் இந்த வேலையில் பாதி போய்விடும்.

கட்டாயக் கல்விச் சட்டம்கூட இதை வெறும் பாசவேலையாகப் பார்க்கவில்லை. வாரத்துக்கு 45 மணி நேரம் என்று சொல்லும்போது வீட்டில் உட்கார்ந்து நீங்கள் சார்ட் வெட்டும் தயாரிப்பு நேரத்தையும் சேர்த்தே கணக்குப் போடுகிறது. 24-ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் அளந்து, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தருவது ஆசிரியரின் கடமை என்கிறது. மாமியாரிடம் இதைக் காட்டிச் சண்டை போட வேண்டாம். உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பி.எட்., டெட், ட்யூஷன்

கணவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் பி.எட். என்பது டி.எல்.எட்.டுக்கு மேல்படி இல்லை. இரண்டும் வேறு வேலைக்கான படிப்பு. 2023 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதி ஆகாது என்று தீர்ப்புச் சொல்லி, 2018-இல் அதற்கு வழிவிட்ட அறிவிக்கையை ரத்து செய்தது. அதாவது உங்களிடம் இருக்கிற தகுதி பி.எட். மட்டும் படித்தவரிடம் இல்லை. பெரிய பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தை ஆழமாகச் சொல்லித்தர ஆசை இருந்தால் தாராளமாகப் படியுங்கள். அந்த 35-இலிருந்து ஓடிப்போவதற்காகப் படித்தால், எட்டாம் வகுப்பில் அதே 35 மீசை முளைத்து உட்கார்ந்திருக்கும்.

டெட் விஷயத்தில் உங்கள் சக ஆசிரியர் சொன்னது தவறு. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்களே ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தால் இரண்டு வருடத்துக்குள் டெட் தேறவேண்டும் என்று சொல்லிவிட்டது. முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்தவர்களுக்கே இப்படி என்றால், ஜூனில் சேர்ந்த உங்களுக்கு அனுபவச் சலுகை எங்கிருந்து வரும்? கே-டெட்டில் எல்.பி. வகுப்புகளுக்கான கேட்டகரி ஒன்றுக்கு உட்காருங்கள். 150 கேள்வி, ஐந்து பகுதி, பகுதிக்கு 30. பொதுப் பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. முதல் மொழியாகத் தமிழை எடுக்கலாம். குழந்தை வளர்ச்சிப் பகுதியைத்தான் பலரும் நோட்ஸ் மனப்பாடம் செய்து கோட்டைவிடுகிறார்கள். உங்கள் வகுப்பில் 23 பேர் அந்தப் பகுதியைத் தினமும் நடத்திக் காட்டுகிறார்கள். தேறிய சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். அப்புறம் அரசு வேலைக்கு ஆளெடுக்கும் பி.எஸ்.சி.யின் தமிழ் மீடியம் எல்.பி. அறிவிப்பு வரும்போது விடாதீர்கள்.

ட்யூஷன் வேண்டாம். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு ஆசிரியர் தனியாக ட்யூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. தவிர, பகலில் அடித்த டீச்சரே சாயங்காலம் காசு வாங்கிச் சொல்லித்தருகிறார் என்றால் அந்த அம்மா என்ன நினைப்பார்? பள்ளி நேரத்துக்குள்ளேயே பத்து நிமிஷம் ஒதுக்குங்கள்; பால் கொடுக்கிற நாளில் டம்ளர் கழுவப் போகும் இடைவெளியே போதும்.

திங்கட்கிழமைக்கு

ஒரு நோட்டு வாங்கிப் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் மார்க் எழுத வேண்டாம். பிள்ளை செய்த தவறை அப்படியே எழுதுங்கள்: "கேழி", "35", "வெள்ளம் குடிக்கும்". ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளை போதும். வாரத்தில் எல்லாரும் வந்துவிடுவார்கள். ஓணப் பரீட்சை வரும்போது, யாருக்கு என்ன தெரியாது என்று அந்த நோட்டு உங்களுக்கு முன்பே சொல்லியிருக்கும்.

பையன் வந்ததும், முதலில் அந்த மன்னிப்பு. பிறகு போர்டில் ஒரு டம்ளரும் ஓர் ஆறும் வரைந்து, இரண்டின் கீழும் "வெள்ளம்" என்று எழுதுங்கள். எது எந்த ஊர் வெள்ளம் என்று வகுப்பையே கேளுங்கள். இந்த மாதிரிச் சொல் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் உங்கள் பையன்தான் நிறையச் சொல்லுவான் என்பது என் யூகம். முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்கவேண்டும் என்கிறது சட்டம். இரண்டு மொழி தெரிந்த பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்து ஏணியாக வைப்பதில் தவறில்லை.

கணக்குக்கு, தென்னை ஈர்க்குச்சி. உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமா? பத்துப் பத்தாக நாலு கட்டு, தனியாக இரண்டு குச்சி. "இதிலிருந்து எனக்குப் பதினேழு குச்சி கொடு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். இரண்டைக் கொடுத்துவிட்டு முழிப்பான். வாயைத் திறக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் அவன் கையே ஒரு கட்டைப் பிரிக்கப் போகும். அதனால் கட்டுக்கு ரப்பர் பேண்ட் போடுங்கள்; நூல் போட்டு முடிச்சு இறுக்கினால் அந்த விரல்களுக்கு அவிழ்க்க வராது.